மூளைப் படத்தின் இடமும் வலமும்: பொதுக் கோப்பு வடிவம் ஒன்று பிறந்த வரலாறு

உயிருள்ள மனிதனின் மூளையை மண்டையோட்டைத் திறவாமலே படம் பிடித்துக் காட்டும் கருவிகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. அவற்றைக் கண்டவர்கள் நோபெல் பரிசு பெற்றதையும் பலர் அறிவர். ஆனால், அக்கருவிகள் கண்டதை எழுதி வைக்கும் முறை ஒன்று உண்டே, அதன் வரலாற்றைப் பேசுவார் அரியர். எழுதி வைக்கும் முறையில் அப்படி என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பத்தாண்டுகளுக்குக் குறையாத காலம், உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள், தம் கையிலிருந்த மூளைப் படக் கோப்பை மட்டும் பார்த்து 'இது இடப்பக்கம், இது வலப்பக்கம்' என்று உறுதியாகச் சொல்ல இயலாதிருந்தன. அந்நிலை மாறியது எப்படி என்பதே ஈண்டு நாம் காணப் புகுவது.

மூளைப் படம் என்று நாம் சொன்னாலும், கணினியில் இருப்பது படமன்று, எண்களின் வரிசையே. தலையைச் சிறுசிறு கனத் துண்டுகளாகப் பகுத்ததாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிற்கும் ஓர் எண்ணைக் கருவி எழுதுகிறது. ஒரு தளத்தில் 64-க்கு 64 துண்டுகள், அத்தகைய தளங்கள் 30 எனக் கொண்டால், ஒரு முறை எடுத்த படத்தில் 1,22,880 எண்கள் இருக்கும். மூளை வேலை செய்யும் விதத்தை அறிய அதே படத்தை 200 முறை அடுத்தடுத்து எடுத்தால் 2,45,76,000 எண்கள் ஆகின்றன. இவ்வெண்கள் யாவும் ஒரே நீண்ட கயிறுபோலக் கோப்பில் கிடக்கும். எத்தனை எண் கொண்டது ஒரு வரிசை, எத்தனை வரிசை கொண்டது ஒரு தளம், எண் எந்தத் திசையில் ஏறுகிறது, மூக்கு எப்பக்கம், காது எப்பக்கம் என்பனவற்றை வேறோரிடத்தில் குறித்து வைத்தாலன்றி அந்தக் கயிற்றால் பயனில்லை. அக்குறிப்பு இருக்கும் இடத்தையே கோப்பின் முகப்பு என்கிறோம். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, புரியாத குறிகளைக் கண்டு திகைத்த ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உண்டு. எழுத்துகள் அழிந்து போயிருக்கமாட்டா. அவற்றைப் படிக்கும் முறைதான் உடன் வந்திராது.

இடப்பக்கம் ஏன் பெரிது?

1861-இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்னும் மருத்துவர், பல ஆண்டுகளாக 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறொன்றும் பேச இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். முன் மூளையின் இடப்பக்கத்தில் ஓரிடம் பழுதுபட்டிருந்தது. அதுபோன்ற பலரை ஆராய்ந்த பிறகு, 1865-இல், நாம் பேசுவது மூளையின் இடப்பாதியைக் கொண்டே என்ற முடிவிற்கு அவர் வந்தார். மூளையின் ஆராய்ச்சியில் இடம் வலம் என்ற வேறுபாடு அன்று முதல் ஆணிவேர் போன்றது. வலக்கைப் பழக்கம் உடையவரில் மிகப் பெரும்பாலோர்க்குப் பேச்சுத்திறன் இடப்பாதியைச் சார்ந்தது; இடக்கைப் பழக்கமுடையவரில் சிலர்க்கு அது மாறியிருப்பதும் உண்டு. இதனை ஆராய்பவரின் படம் எங்கோ ஒரு படியில் இடம் வலமாகத் திரும்பிவிட்டால், அவருடைய முடிவு முற்றிலும் தலைகீழாகிவிடும்.

திரும்பியதைக் கண்ணால் கண்டு பிடித்துவிடலாகாதோ எனின், அதுதான் அரிது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் பிடரி இருந்தால் சிறுவனும் கண்டுகொள்வான். உச்சி கீழாகவும் கழுத்து மேலாகவும் இருந்தாலும் தெரிந்துவிடும். ஆனால், மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல் போன்றவை. சிறு வேறுபாடுகள் உண்டெனினும், ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது திரும்பியுள்ளது என்று துணிந்து சொல்ல அவை போதா.

இத்துடன் பழக்கமும் வேறுபட்டது. படத்தைப் பார்த்து நோயறியும் மருத்துவர், நோயாளிக்கு எதிரே நின்று அவரைப் பார்ப்பதாகப் பாவித்துக்கொள்வார். ஆதலின் நோயாளியின் இடப்பக்கம் படத்தின் வலப்பக்கத்தில் வரும். மூளை ஆராய்ச்சியாளர் பலரோ, பின்னின்று பார்ப்பவர் போல, இடத்தை இடமாகவே வைப்பர். உடற்பயிற்சி வகுப்பில் பிள்ளைகளுக்கு எதிரே நின்று 'வலக்கையைத் தூக்கு' என்னும் ஆசிரியர் தாம் இடக்கையைத் தூக்கிக் காட்டுகிறார். அவர்களுக்கு முதுகு காட்டி நிற்பவர் வலக்கையையே தூக்குகிறார். இரண்டும் சரியே. ஆனால், ஒருவர் எவ்வாறு நின்றார் என்பதை அறியாமல் அவருடைய நிழற்படத்தைப் பார்ப்பவர் என் செய்வார்?

மருத்துவமனையின் வழியும் ஆராய்ச்சிக் கூடத்தின் வழியும்

1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1973-இல் அமெரிக்காவில் பால் லாட்டர்பர், காந்தப் புலத்தைக் கொண்டு உருவம் அமைக்கும் வழியை வெளியிட்டார். அதுவே இன்றைய எம்.ஆர்.ஐ.க்கு அடிகோலியது. 1990-இல் ஜப்பானியரான செய்ஜி ஓகாவா, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுவதே எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிகிறது என்று காட்டினார். 1992-இல் மனித மூளை வேலை செய்வதை அம்முறையில் படம் பிடித்துக் காட்டிய கட்டுரைகள் வெளிவந்தன. அதன்பின் இவ்வாராய்ச்சி காட்டாற்று வெள்ளம்போலப் பெருகியது.

கருவி செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் முறையில் படங்களை எழுதி வந்தன. மருத்துவமனைகளுக்கு இது பெருந்தொல்லை. ஆகவே 1983-இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் கூடி ஒரு குழு அமைத்து, 1985-இல் முதல் விதிமுறையை வெளியிட்டன. பிறகு திருந்திய வடிவம் 1993-இல் 'டைக்காம்' என்ற பெயரில் நிலைபெற்றது. இன்று உலகின் மருத்துவமனைகள் பெரும்பாலும் அதனையே கைக்கொள்கின்றன. அதில் இடம் வலம் பற்றிய ஐயம் இல்லை. நோயாளியின் இடப்பக்கம் நோக்கி எண் ஏறுகிறது என்று அது திட்டமாக வரையறுத்திருக்கிறது.

பின் ஏன் ஆராய்ச்சியாளர் அதனைக் கொள்ளவில்லை? டைக்காம் ஒரு நோயாளியின் ஒரு பரிசோதனையை மனத்திற்கொண்டு எழுந்தது. தளம் ஒன்றுக்கு ஒரு கோப்பு என்பது அதன் பழைய வழக்கம். நாம் மேலே சொன்ன கணக்கில் 30 தளம், 200 முறை எனின் ஒருவர்க்கே 6,000 கோப்புகள். ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் நோயாளியின் பெயர் முதலாக எத்தனையோ விவரங்கள். போதாக்குறைக்கு நிறுவனங்கள் தமக்கென ஒதுக்கிக்கொண்ட மறைவான பகுதிகள். இருபது பேரை வைத்து ஆராயும் மாணவர் இதனை எப்படிக் கட்டி மேய்ப்பார்? இருபத்தைந்து வார்த்தையில் விடுமுறை விண்ணப்பம் எழுத வேண்டிய பிள்ளையிடம் நிலப் பத்திரத்தை நீட்டினாற்போன்றது அது.

எனவே ஆராய்ச்சிக் கூடங்கள் தத்தம் வழியே சென்றன. லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டனும் அவர்தம் கூட்டத்தாரும் எஸ்.பி.எம். என்னும் நிரலை அமைத்தனர். 1994-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் காக்ஸ் 'ஆஃப்னி'யை எழுதினார். ஆக்ஸ்ஃபர்டிலிருந்து 2000-இல் எஃப்.எஸ்.எல். வந்தது. கனடாவின் மோன்ட்ரியால் நரம்பியல் கழகத்தார் 'மிங்க்' என்ற தம் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தினர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க இடையே மொழிபெயர்ப்பு நிரல்கள் வேண்டியிருந்தன; ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் எதையாவது இழக்க நேர்ந்தது.

பழைய முகப்பு

இவற்றிடையே, யாரும் தீர்மானம் போட்டு நிறைவேற்றாமலே, ஒரு வடிவம் பொது வழக்காயிற்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ரிச்சர்டு ராப் தலைமையில் 1980-களில் அமைந்த 'அனலைஸ்' என்ற நிரலின் வடிவமே அது. அது எளிமையானது, ஆதலின் பரவியது. எண்கள் ஒரு கோப்பில். முகப்பு தனியே மற்றொரு கோப்பில். முகப்பின் நீளம் 348 பைட்டு. பைட்டு என்பது ஓர் ஆங்கில எழுத்தை எழுதப் போதுமான இடம் என்று கொள்க. இந்த 348-இல் முதல் 40 கோப்பைப் பற்றியது. அடுத்த 108 படத்தின் அளவுகளைப் பற்றியது. மிகுந்த 200 அப்படத்தின் வரலாற்றைப் பற்றியது. அவ்வரலாற்றுப் பகுதியில் 80 எழுத்தில் ஒரு விளக்கம், நோயாளியின் எண், படத்தின் எண், எடுத்த நாள், நேரம் என்பனவற்றுக்கெல்லாம் கட்டங்கள் இருந்தன. தலை எப்படிக் கிடந்தது என்பதற்கு ஒதுக்கியது எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு பைட்டு.

அந்த ஒரு பைட்டையும் எல்லோரும் ஒருபடித்தாகப் படிக்கவில்லை. சில நிரல்கள் அதனைப் பொருட்படுத்தவே இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் பெயருக்கு நேரே ஒரு குறி மட்டும் இருந்து, அக்குறி முழு நாளைக் குறிக்குமா அரை நாளைக் குறிக்குமா என்பது கிராணிக்குக் கிராணி மாறினால் சம்பள நாளில் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்ந்தது. எஸ்.பி.எம். நிரலில், அனலைஸ் படத்தை இடம் வலமாகத் திருப்பிக்கொள்வதா வேண்டாவா என்பதை, பயன்படுத்துவோர் தம் கூடத்தின் வழக்கமறிந்து ஓர் அமைப்பில் குறித்துவைக்க வேண்டியிருந்தது. கோப்பு வேறோர் ஊருக்குப் போகும்போது அந்த அமைப்பு உடன் போவதில்லை! படத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கவும் இடமின்றி, வேறொரு பொருளுக்கென இருந்த 10 பைட்டுக் கட்டத்தை எஸ்.பி.எம். தன்னிச்சையாக எடுத்துக்கொண்டது. பிற நிரல்களுக்கு அது தெரியாது.

இந்நிலையில் ஆராய்ச்சியாளர் கையாண்ட தற்காப்பு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. படுத்திருப்பவரின் நெற்றிப் பொட்டில் ஒரு பக்கம் மட்டும் வைட்டமின்-ஈ மாத்திரை ஒன்றை ஒட்டி வைப்பார்கள். அதிலுள்ள எண்ணெய் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். புள்ளி இருக்குமிடம் வலப்பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டால், எத்தனை நிரல் புரட்டினாலும் உண்மை தெரிந்துவிடும். கோடிக்கணக்கில் விலைபெறும் கருவிக்கு மருந்துக்கடை மாத்திரை சாட்சி!

இன்னுமொரு தொல்லை உண்டு. ஓர் எண்ணை நான்கு பைட்டில் எழுதும்போது, பெரிய இலக்கத்தை முதலில் எழுதும் கணினிகளும் சிறிய இலக்கத்தை முதலில் எழுதும் கணினிகளும் இருந்தன. அக்கால ஆராய்ச்சிக் கூடங்களில் இருந்த சன் கணினிகள் முதல் வகை. நாம் மேசைமேல் வைத்திருக்கும் இன்டெல் வகை இரண்டாவது. முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா சிறுமுனையில் உடைப்பதா என்று போர் புரிந்த மக்களை ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளிவந்த கலிவரின் பயணக் கதையில் படைத்தார். அப்பெயரையே 1980-இல் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் இவ்விருவகைக்கும் சூட்டினார். ஒரு வகையில் எழுதிய 348 என்ற எண்ணை மறுவகையில் படித்தால் 154,35,69,408 என்று வரும்.

2003-இல் கூடியவர்கள்

அமெரிக்க அரசின் மனநலக் கழகமும் நரம்பு நோய்க் கழகமும் சேர்ந்து, மூளைப் பட ஆராய்ச்சிக்கான நிரல்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வழிதேடி ஒரு முயற்சியைத் தொடங்கின. அதன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'நிஃப்டி' என்பர். கோப்பு வடிவம் பற்றி முடிவு செய்ய அதன்கீழ் ஒரு குழு அமைந்தது. ஆஃப்னியின் காக்ஸ், எஸ்.பி.எம்.மின் ஜான் ஆஷ்பர்னர், எஃப்.எஸ்.எல்.லின் ஸ்டீபன் ஸ்மித் முதலியோரும் பிரெயின்வாயேஜர் என்ற நிரலைச் சேர்ந்தோரும் அதிலிருந்தனர். போட்டியிட்ட நிரல்களின் ஆசிரியர்களே ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதுவோரும் படிப்போரும் இல்லாத குழு எத்துணை அழகான விதியை வகுத்தாலும் அது அலமாரியில் உறங்கும். லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் எம்.ஆர்.ஐ.க்காக நோபெல் பரிசு பெற்றதும் அந்த 2003-இல்தான்.

புத்தம்புதிய வடிவம் ஒன்றை ஆக்க அவர்களுக்கு அறிவு இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் அதைச் செய்யவில்லை. அனலைஸ் முகப்பின் 348 பைட்டு என்ற நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டனர். படத்தின் அளவுகளைக் கூறும் கட்டங்களை இருந்த இடத்திலேயே விட்டனர். பழைய நிரல் புதிய கோப்பைத் திறந்தாலும் ஏதோ ஒருவாறு படிக்கும்; உடைந்து நிற்காது. மாற்றம் பெரும்பாலும் கடைசி 200 பைட்டில்தான். அதிலும் 80 எழுத்து விளக்கத்தையும் அதையடுத்த 24 எழுத்துக் கட்டத்தையும் தொடவில்லை. எஞ்சியது 96. நோயாளியின் எண், நாள், நேரம் ஆகியவை இருந்த அந்த 96-ஐக் காலி செய்து, தலை எத்திசை நோக்கிக் கிடந்தது என்பதைக் கூறும் எண்களை அங்கே குடியேற்றினர். முன்பு ஒரு பைட்டு பெற்ற செய்திக்கு இப்போது 76 பைட்டு! மிச்சம் 20-இல், படத்திலுள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதற்கு ஒரு பெயரும், கோப்பு புதிய வகையைச் சேர்ந்தது என்பதற்கு நான்கு பைட்டில் ஒரு முத்திரையும் அடங்கின. இதனை நான் காகிதத்தில் கட்டம் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பைட்டுகூட வீணில்லை.

திசை பற்றிய தீர்ப்பு இது: முதல் எண் வலப்பக்கம் நோக்கி ஏறும், இரண்டாவது முன்பக்கம் நோக்கி, மூன்றாவது உச்சி நோக்கி. 1988-இல் டாலராக், டூர்னூ என்ற இருவர் வெளியிட்ட மூளை வரைபட நூலின் வழக்கமும் அதுவே. இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. இவ்வடிவத்தின் விதிகளை விளக்கங்களுடன் ஒரு நிரல் ஏடாக எழுதித் தந்தவர் காக்ஸ். அவருடைய ஆஃப்னியோ டைக்காமைப் பின்பற்றி இடப்பக்கம் நோக்கி எண்ணுவது. தம் பிள்ளைக்குப் பழகிய வழக்கத்திற்கு மாறான விதியைத் தம் கையாலேயே எழுதினார் அவர். எழுதிய ஏட்டை யார்க்கும் உரிமையில்லாத பொதுச் சொத்தாகவும் விட்டார். விலையோ அனுமதியோ இன்றி எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், சிறு கூடத்து மாணவரும் தம் நிரலில் அதனைச் சேர்க்க முடிந்தது.

எண் வரிசைத் தொல்லைக்கும் வழி பிறந்தது. முகப்பின் முதல் எண் எப்போதும் 348 ஆகவே இருக்கவேண்டும். மேலே கண்ட நூற்றைம்பது கோடி வந்தால், கோப்பை மறுவகைக் கணினி எழுதியது என்று நிரல் தானே அறிந்து திருப்பிக்கொள்ளும். முகப்பையும் படத்தையும் ஒரே கோப்பில் வைக்கவும் வழிசெய்தனர். இரண்டு கோப்புகளில் ஒன்று தொலைந்து மற்றொன்று அனாதையாகும் அவலம் அதனால் நீங்கியது.

குறை இல்லையா? உண்டு. தலையின் திசையைக் கூற ஒரு வழிக்கு இரு வழிகளை வைத்தனர். கருவியில் தலை கிடந்த நிலையைக் கூற ஒன்று. பொது வரைபடத்தோடு மூளையைப் பொருத்திய நிலையைக் கூற மற்றொன்று. இரண்டையும் ஒரே கோப்பில் நிரப்பலாம். இரண்டும் முரண்பட்டால் எதனை நம்புவது என்பதில் நிரல்களிடையே ஒற்றுமை இல்லை. எல்லோரையும் மனங்கோணாமல் அனுப்பிவைக்கும் குழுக்களில் இத்தகைய இரட்டை வழி நேர்வது இயல்பே; என்னைக் கேட்டால், முரண்பட்டபோது முந்துவது இது என்று ஒரு வரி கண்டிப்பாக எழுதியிருக்கலாம்.

எனினும் வடிவம் வேகமாகப் பரவியது. குழுவில் அமர்ந்தவர்களே தம் நிரல்களைத் திருத்தினர். 2005-இல் வந்த எஸ்.பி.எம். ஐந்தாம் பதிப்பு நிஃப்டியையே தன் வடிவமாகக் கொண்டது. கருவியிலிருந்து வரும் டைக்காமை நிஃப்டியாக மாற்ற கிறிஸ் ரோர்டன் என்பவர் எழுதிய இலவச நிரல் உலகெங்கும் பரவியது.

பழைய முகப்பைக் காத்ததற்குக் கொடுக்கவேண்டிய விலையும் வந்தது. அளவுகளைக் குறிக்கும் கட்டங்கள் இரண்டிரண்டு பைட்டே ஆதலின், ஒரு திசையில் 32,767-க்கு மேல் எண்ண இயலாது. படத்திற்கு அது போதும்; மூளையின் மேற்பரப்பைப் புள்ளிகளாக விரித்து ஒரே வரிசையில் எழுத முயன்றபோது போதவில்லை. ஆதலின் 2011-இல் 540 பைட்டு முகப்பு கொண்ட இரண்டாம் நிஃப்டி வந்தது. மூளையின் இணைப்புகளை ஆராய்ந்த பெரிய அமெரிக்கத் திட்டம் அதனைப் பயன்கொண்டது. அன்றாட வேலைக்கு இன்றும் பெருவழக்காயிருப்பது 348-தான்.

இனி, முகப்பில் அடங்காத செய்தி. படம் எடுத்தபோது அந்த மனிதர்க்கு என்ன காட்டினார்கள், எந்த நொடியில் எந்தச் சொல்லைக் கேட்டார், அவர் வயதென்ன? 80 எழுத்தில் இவற்றை எழுத முடியுமா? 2000-ஆம் ஆண்டளவில் டார்ட்மத் கல்லூரியில் மூளைப் படங்களுக்கென ஒரு பொதுக் களஞ்சியம் தொடங்கி, ஓர் ஆய்விதழ் அதில் கட்டுரையாளர் தம் படங்களை ஒப்படைக்க வேண்டுமெனக் கேட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. தம் உழைப்பைப் பிறர் அறுவடை செய்வர் என்ற அச்சம் ஒருபுறம். ஒவ்வொரு கூடமும் தன்தன் முறையில் அடுக்கிய படங்களைப் பிறர்க்குப் புரியும்படி ஒழுங்கு செய்யும் சுமை மறுபுறம். அச்சுமையைக் குறைக்க 2015-இல் தொடங்கிய முயற்சியே 'பிட்ஸ்'. கிறிஸ்டோஃப் கோர்கோலெவ்ஸ்கி முதலிய பலர் சேர்ந்து 2016-இல் அதனை வெளியிட்டனர். அது புதிய பட வடிவமன்று. நிஃப்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கோப்புறைகளுக்கு என்ன பெயர், உடன் வைக்கும் குறிப்புகளை எப்படி எழுதுவது என்று வரையறுத்தது. ஓப்பன்நியூரோ என்ற திறந்த களஞ்சியம் அவ்வொழுங்கிலேயே படங்களைப் பெற்றுக்கொள்கிறது. உலகின் எம்மூலையிலிருந்தும் ஒருவர் அவற்றை எடுத்து ஆராயலாம்.

நோயாளியின் எண்ணையும் நாளையும் முகப்பிலிருந்து 2003-இல் எடுத்தது திசைக்கு இடம் வேண்டியே. பின்னாளில் படங்கள் ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கியபோது, பெயர் மறைக்கும் வேலையில் ஒரு பகுதி அதனால் முன்னரே முடிந்திருந்தது. ஆனால், எண்களுக்குள் முகம் இருக்கிறது. 2019-இல், அனலைஸ் பிறந்த அதே மேயோ நிலையத்தார் ஒரு சோதனை செய்தனர். 84 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகத்தை மீட்டு, அவர்களுடைய நிழற்படங்களோடு முகமறியும் நிரலைக்கொண்டு ஒப்பிட்டபோது, 70 பேரை அது சரியாக இனங்கண்டது. ஆதலின் இப்போது பொதுக் களஞ்சியத்திற்கு அனுப்புமுன் மூக்கையும் வாயையும் கன்னத்தையும் படத்திலிருந்து நீக்குகின்றனர். எவ்வளவு நீக்கினால் போதும், எவ்வளவு நீக்கினால் மூளையின் அளவுகள் பிழைபடும் என்பது இன்னும் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது.